மாநகராட்சி வேலைக்குப் பணம் எப்படிப் போகிறது? ரன்னிங் பில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் ஒன்பது வருடம் பில் எழுதும் வேலை பார்த்தேன். மழைநீர் வடிகால், சிமெண்ட் சாலை, தார்ச்சாலை, பள்ளிக்கூடக் கழிவறை என்று எல்லாமே தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சி வேலைகள்தான். இப்போது அந்தத் தொழிலில் இல்லை. ஆனாலும் தெருவில் ஜல்லி கொட்டினாலே யாராவது வந்து நிற்கிறார்கள். "பாதி வேலைகூட முடியவில்லை, அதற்குள் பணம் கொடுத்துவிட்டார்களாமே?" என்பது குடியிருப்பவர்களின் கேள்வி. "வேலையை முடித்துவிட்டேன், பணம் ஏன் வரவில்லை?" என்பது புதிதாக ஒப்பந்ததாரராகப் பதிவு செய்துகொண்ட பிள்ளைகளின் கேள்வி. இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வேலை முழுவதும் முடியும் முன்பே எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்?

40 லட்சம் ரூபாய்க்கு ஒரு வடிகால் வேலை என்று வைத்துக்கொள்வோம். கம்பி, சிமெண்ட், எம்-சாண்ட் எல்லாம் கடைக்காரர் ஓரளவுக்குத்தான் கடனில் தருவார். ஜே.சி.பி.க்கு மணிக்கணக்கில் வாடகை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆகவேண்டும். ஆறு மாதம் கழித்து மொத்தமாகப் பணம் என்றால், அந்த ஆறு மாத வட்டியை ஒப்பந்ததாரர் டெண்டர் விலையிலேயே ஏற்றிவிடுவார். அந்த வட்டி நம் வரிப்பணத்தில் இருந்துதான் போகும். கையில் பணம் வைத்திருக்கும் நாலு பெரிய ஆட்கள் மட்டும் டெண்டர் போடுவார்கள், சின்ன ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு பகுதி பில்லும் மாநகராட்சிக்கு ஒரு பிடி. வேலையை நிறுத்தி, அளந்து, "இது சரியில்லை, சரிசெய்தால்தான் பில்" என்று சொல்ல அப்போது ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. எல்லாம் முடிந்து மூடிய பிறகு ஒரே தடவை பார்ப்பதைவிட, நடுவில் மூன்று தடவை நின்று பார்ப்பது எவ்வளவோ மேல்.

ரன்னிங் பில் என்றால் என்ன? அரசுக் கடிதத்தில் "பகுதிப் பட்டியல்" என்று வருகிறதே?

இரண்டும் ஒன்றுதான். அலுவலகத் தமிழில் பில் என்பது பட்டியல். நடுவில் போடுவது பகுதிப் பட்டியல், கடைசியில் போடுவது இறுதிப் பட்டியல். களத்தில் ரன்னிங் பில், பார்ட் பில், பைனல் பில் என்பார்கள்.

இதில் பலருக்குக் குழப்பம் வருவது கணக்கு ஓடும் விதத்தில்தான். ஒவ்வொரு பில்லும் ஆரம்பத்தில் இருந்து இன்றுவரை நடந்த மொத்த வேலையைக் காட்டும். அதில் முன்பு கொடுத்ததைக் கழித்து மீதியைத் தருவார்கள். முதல் பில்லில் 12 லட்சத்துக்கு வேலை, இரண்டாவது பில் போடும்போது இதுவரை நடந்தது 27 லட்சம் என்றால், இரண்டாவது பில்லின் தொகை 15 லட்சம். முதல் பில்லில் ஏதாவது அளவு கூடிப்போயிருந்தால் அடுத்த பில்லில் தானாகச் சரிசெய்ய இந்த முறை இடம் தருகிறது. அதனால்தான் பகுதி பில்லில் கொடுக்கும் பணம் எதுவும் இறுதி ஒப்புதல் ஆகாது. பைனல் பில்லில்தான் கணக்கு முடியும்.

எவ்வளவு வேலை நடந்தது என்று யார் சொல்வது?

எம்.புக். அளவுப் புத்தகம். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்த மாதிரிதான்.

இளநிலைப் பொறியாளர் (களத்தில் ஜே.இ. என்பார்கள்) அல்லது உதவிப் பொறியாளர் நேரில் வந்து டேப் பிடித்து அளந்து எழுதும் புத்தகம் இது. பக்கங்களுக்கு அச்சிலேயே எண் போட்டிருக்கும், ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாது. பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கவோ மேலேயே திருத்தி எழுதவோ கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், அப்புறம் பெருக்கி வந்த அளவு. உதாரணமாக, வடிகாலுக்கு அடியில் போடும் 10 செ.மீ. கான்கிரீட் படுகை 42.50 மீட்டர் நீளம், 1.20 மீட்டர் அகலம் என்றால், 1 × 42.50 × 1.20 × 0.10 = 5.10 கன மீட்டர். இந்த 5.10-ஐ ஒப்பந்த விலையால் பெருக்கினால் அந்த இனத்துக்கான, அதாவது பில்லில் தனி வரியாக வரும் அந்த வேலைக்கான பணம்.

அதற்கு மேல் உதவி செயற்பொறியாளர், வேலையின் மதிப்பைப் பொறுத்துச் செயற்பொறியாளர், வந்து ஒரு பகுதியை மறுபடியும் அளந்து பார்ப்பார்கள். இதை செக் மெஷர்மென்ட் என்பார்கள். அது முடிந்துதான் பில் கணக்குப் பிரிவுக்குப் போகும். பில் பாஸ் ஆனதும் அந்த அளவுகள் இருக்கும் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார்கள், அதே அளவை இன்னொரு முறை பில்லில் ஏற்ற முடியாதபடி. முதன்முதலில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தபோது ஏதோ தப்புக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் அடித்துவிட்டார்கள் என்று பதறிப்போனேன். பணம் வரப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அங்கிருந்த கணக்கர் சொல்லித்தான் தெரியும்.

இப்போது பல இடங்களில் கணினியில் ஏற்றுகிறார்கள், இடக்குறியீட்டோடு போட்டோ கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் டேப் பிடித்து அளக்க ஒருவர் களத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்பது மாறவில்லை.

மண்ணுக்குள் மூடிப்போகும் வேலையை எப்படி அளப்பார்கள்?

மூடும் முன்பே அளக்க வேண்டும். பகுதி பில் முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன்.

வடிகால் சுவரில் கட்டும் கம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் 15 செ.மீ. இடைவெளி என்று இருந்தால் 10 மீட்டர் நீளத்துக்கு 67, 68 கம்பி வரும். 20 செ.மீ. இடைவெளியில் கட்டினால் 51 கம்பியோடு முடிந்துவிடும். நாலில் ஒரு பங்கு கம்பி மிச்சம். கான்கிரீட் போட்ட பிறகு வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு சுவரும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு லாரி ஏறி நிற்கும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

எங்கள் வேலையிலேயே ஒன்று நடந்தது. ஒரு சனிக்கிழமை கலவை லாரி வந்துவிட்டது. ஜே.இ. வேறு வார்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. லாரியைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் என்று எங்கள் மேஸ்திரி கம்பிமேல் கான்கிரீட்டை ஊற்றிவிட்டார். திங்கட்கிழமை ஜே.இ. வந்தார். "நான் பார்க்காத கம்பியை எம்.புக்கில் எப்படி எழுதுவேன்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு இடத்தில் சுவரைக் கொத்திக் காட்டச் சொன்னார். உளியும் சுத்தியலும் வைத்துக் கொத்தியபோது உள்ளே 15 செ.மீ.க்கு ஒன்று சரியாக இருந்தது. உடைத்ததைப் பூசும் செலவு எங்கள் தலையில். அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டினேன். இப்போது அந்தப் பக்கம் போனால், அந்த இரண்டு ஒட்டுகளும் சுவரில் லேசாக நிறம் மாறித் தெரிகின்றன. அவர் செய்தது சரி என்று இப்போது முழு மனதோடு சொல்வேன். கொத்தச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், அடுத்த கான்ட்ராக்டரும் அதையே செய்வார், அவர் கம்பியைச் சரியாகக் கட்டியிருப்பார் என்று யார் சொல்ல முடியும்?

தார்ச்சாலையில் கனம் குறைத்துப் போட்டால் எப்படித் தெரியும்?

போட்ட பிறகு வட்டமாகத் துளைத்து ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். கோர் எடுப்பது என்று பெயர். அதில் கனம் அளக்கலாம், இறுக்கமும் பார்க்கலாம். வேலை நடக்கும்போதே பார்ப்பதென்றால், கலவை லாரியின் எடை மேடைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தாலே இத்தனை நீளத்துக்கு இத்தனை டன் போயிருக்க வேண்டும் என்று கணக்கு வந்துவிடும்.

100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலச் சாலையில் 30 மில்லிமீட்டர் கனம் என்றால் 9 கன மீட்டர் கலவை. அதையே 25 மில்லிமீட்டராகப் போட்டால் 7.5 கன மீட்டர். கண்ணுக்கே தெரியாத 5 மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குப் பணம் இருக்கிறது.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலை உயர்ந்து வீடுகள் பள்ளமானது நம் ஊர்களின் பழைய கதை. சுரண்டுவது பெரும்பாலும் பில்லில் தனி இனமாகவே வரும். அதற்குப் பணம் கேட்டிருந்தால், சுரண்டும் முன்னும் பின்னும் எடுத்த மட்டம் (சாலையின் உயர அளவு) எம்.புக்கில் இருக்க வேண்டும்.

பில் 12 லட்சம் என்றால் கைக்கு எவ்வளவு வரும்?

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. 12 லட்சத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,16,000 சேர்த்து 14,16,000. அதில் இருந்து பிடித்தங்கள் தொடங்கும்.

வருமான வரிக்கு, ஒப்பந்ததாரர் தனிநபராக இருந்தால் 1 சதவீதம், கம்பெனியோ கூட்டு நிறுவனமோ ஆனால் 2 சதவீதம். தனிநபர் என்று வைத்தால் 12,000. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். 2018 அக்டோபர் 1 முதல் இருக்கும் பிடித்தம் இது, இங்கே 24,000. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், 12,000. அதற்கு மேல் ஒப்பந்தப்படி நிறுத்திவைக்கும் தொகை. அது 5 சதவீதம் என்று வைத்தால் 60,000. எல்லாம் சேர்ந்து 1,08,000. வங்கியில் விழுவது 13,08,000.

இதில் வருமான வரிப் பிடித்தமும் ஜி.எஸ்.டி. பிடித்தமும் தொலைந்துபோகிற பணம் இல்லை. கணக்குத் தாக்கல் செய்யும்போது நம் பெயரில் வரவாகக் காட்டும். அதனால் பிடித்தச் சான்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பிடித்தங்கள் ஜி.எஸ்.டி. சேர்க்காத தொகைக்குத்தான் கணக்கிடப்படுகின்றனவா என்பதையும் பாருங்கள். அப்புறம், அந்த 2,16,000 நம்முடைய பணம் என்று நினைத்து யாரும் செலவு செய்துவிட வேண்டாம். கம்பிக்கும் சிமெண்ட்டுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டியாக வேண்டும். இதில் கோட்டைவிட்டு அபராதம் கட்டிய நல்ல உழைப்பாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நிறுத்திவைக்கும் தொகை எதற்கு?

வேலை முடிந்த பிறகும் ஒப்பந்ததாரர் போனை எடுக்க வேண்டும் என்பதற்காக. டெண்டர் போடும்போது கட்டும் முன்வைப்புத் தொகை, ஒப்பந்தம் போடும்போது கட்டும் பிணைத் தொகை, ஒவ்வொரு பில்லிலும் பிடிக்கும் இந்தத் தொகை, மூன்றும் வேறு வேறு. எத்தனை சதவீதம், எப்போது திரும்ப வரும் என்பது அந்தந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் டெண்டர் போடாதீர்கள்.

அளவு எடுக்காமல் "இந்தக் கட்டம் முடிந்தால் இவ்வளவு" என்று கொடுப்பதும் உண்டல்லவா?

உண்டு. மொத்தத் தொகைக்கு எடுக்கும் ஒப்பந்தங்களில் அப்படித்தான். அடித்தளம் முடிந்தால் இத்தனை சதவீதம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் கட்டை) மட்டம் வந்தால் இத்தனை, கூரை போட்டால் இத்தனை என்று முன்பே பிரித்திருப்பார்கள். அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது பழக்கமான கணக்கு.

எளிமையானது, அளவில் தகராறு வராது. ஆனால் கட்டங்களைப் பிரிப்பதில் கவனம் வேண்டும். ஆரம்பக் கட்டங்களுக்கு அதிகமாக வைத்துவிட்டால், பணத்தின் பெரும்பகுதி கைக்கு வந்தபின் கடைசி வேலைகளில் யாருக்கும் அக்கறை இருக்காது. வடிகாலில் கடைசி வேலைகள் என்றால் மேல்மூடி, வண்டல் தொட்டி, வீட்டு வாசலில் உடைத்த படியைச் சரிசெய்வது, மிச்ச மண்ணை அள்ளுவது. மக்கள் தினமும் மிதித்து நடப்பது இவற்றைத்தான். இவற்றுக்கென்று தனியாக ஒரு தொகையைக் கடைசிவரை பிடித்துவைக்கும் ஒப்பந்தமே நல்ல ஒப்பந்தம்.

வேலை தொடங்கும் முன் முன்பணம் கிடைக்குமா?

வார்டு அளவிலான சின்ன வேலைகளில் எதிர்பார்க்காதீர்கள். பெரிய திட்டங்களில், ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் தருவார்கள். அதற்கும் வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். தரும் முன்பணத்தில் குறைந்தது 110 சதவீதத்துக்கு உத்தரவாதம் வாங்க வேண்டும் என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். கொடுத்ததை ஒவ்வொரு ரன்னிங் பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார்கள்.

பில் போட்டு எத்தனை நாளில் பணம் வர வேண்டும்?

மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபரில் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ரன்னிங் பில் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தகுதியான தொகையில் குறைந்தது 75 சதவீதத்தைத் தந்துவிட வேண்டும், மீதியை முழுச் சரிபார்ப்புக்குப் பிறகு, பில் கொடுத்த 28 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று. இது மத்திய அரசுத் துறைகளுக்கானது. நம் மாநகராட்சிகளை அது கட்டுப்படுத்தாது, இங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். ஆனால் அந்த 75 சதவீத யோசனை மிகச் சரியானது. ஒரு இனத்தின் அளவில் சந்தேகம் என்பதற்காக மொத்த பில்லையும் கட்டிவைக்க வேண்டியதில்லை. தகராறு இல்லாததைக் கொடுத்துவிட்டுத் தகராறைப் பேசித் தீர்க்கலாம். நம் உள்ளாட்சிகளும் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பிறகு ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது?

மூன்று இடத்தில் நிற்கும். முதலாவது, அளவு. ஜே.இ. கையில் பல வார்டுகள், பல வேலைகள். இரண்டாவது, ஃபைல். தரப் பரிசோதனை அறிக்கை இல்லை, போட்டோ இல்லை, ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று திரும்பி வரும். இதில் பாதித் தவறு நம் பக்கம் இருக்கும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. நிதி. ஒரு வேலைக்கான பணம் மாநகராட்சியின் சொந்த வருவாயில் இருந்து வரலாம், நிதி ஆணைய மானியமாக வரலாம், அல்லது தமிழ்நாடு நகர்ப்புற நிதி மற்றும் உட்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகம் வழியாக ஏதாவது திட்டத்தில் வரலாம். சென்னையில் கொசஸ்தலையாற்றுப் படுகை வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி நிதி. திட்ட நிதி தவணை தவணையாகத்தான் வரும். முந்தின தவணையைச் செலவு செய்ததற்குச் சான்று போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தது. ஆக, களத்தில் வேலை முடிந்து, எம்.புக்கில் ஏறி, பில் பாஸ் ஆன பிறகும் கணக்கில் பணம் இல்லாமல் காத்திருக்க வேண்டிவரும். டெண்டர் போடும் முன்பே "இது எந்த நிதி?" என்று கேளுங்கள்.

ஒரு ஊரில் எங்கள் பில் ஏழு மாதம் நின்றது. எங்கள் முதலாளி வீட்டம்மாவின் வளையலும் ஆரமும் அடகுக்குப் போயின. அடகுக் கடை ரசீதையும் எம்.புக் நகலையும் நான் ஒரே ஃபைலில் வைத்திருந்தேன், வட்டி கட்டும் தேதியும் பில் நிலவரமும் சேர்ந்து தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த ஏழு மாதத்தில் இரண்டு நல்ல கொத்தனார்கள் எங்களை விட்டுப் போனார்கள். கூலி தாமதமானால் கைத்தொழில் தெரிந்தவன்தான் முதலில் போவான். அடுத்த வேலையில் சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்கவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த நின்றுபோன பில்தான். இது கணக்கு ஏட்டில் எங்கேயும் எழுதப்படாது.

இன்னொரு கேடும் உண்டு. பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத இடத்தில், "நான் வேகமாக எடுத்துத் தருகிறேன், எனக்கு இவ்வளவு" என்று சொல்ல ஆள் வந்துவிடுகிறான். கர்நாடகத்தில் ஒப்பந்ததாரர் சங்கமே கமிஷன் கொடுமை பற்றி 2021-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. எந்தத் தேதியில் வந்த பில்லோ அந்த வரிசையில்தான் பணம் என்று வைத்து, அந்த வரிசையை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டால், அந்த ஆளுக்கு விற்க ஒன்றும் இருக்காது.

தாமதத்துக்கு வட்டி கேட்கலாமா?

ஒப்பந்தத்தில் வட்டிப் பிரிவு இருந்தால் கேட்கலாம். சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது, தாமதித்தால் கூட்டு வட்டி. ஆனால் பொருளும் உழைப்பும் கலந்த கட்டுமான ஒப்பந்தத்துக்கு அது பொருந்துமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. இதை நம்பி இறங்கும் முன் வக்கீலைப் பாருங்கள். எப்படியானாலும் பில் கொடுத்ததற்குத் தேதி போட்ட ஒப்புகை கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாகக் கொடுத்த பில்லுக்கு எந்தச் சட்டமும் உதவாது.

எஸ்டிமேட்டில் இல்லாத வேலை வந்துவிட்டால்?

பள்ளம் தோண்டினால் யாரும் சொல்லாத குடிநீர்க் குழாய் ஒன்று குறுக்கே இருக்கும். கீழே கேபிள் இருக்கும். மாற்றித்தான் ஆகவேண்டும், தெருவில் தண்ணீர் நிற்கிறது, கவுன்சிலர் அவசரப்படுத்துகிறார். "செய்துடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த வார்த்தையை நம்பிச் செய்த வேலைக்குப் பணம் வாங்க நான் பட்ட பாட்டை எழுத இங்கே இடம் போதாது. விலை என்ன, யார் ஒப்புதல் என்று எழுத்தில் வாங்கிய பிறகு செய்யுங்கள். அவசரமே என்றால், அன்று மாலையே ஒரு கடிதம், நாலு போட்டோ, ஜே.இ. பார்த்ததற்கு ஒரு கையெழுத்து.

தரம் சரியில்லை என்றால் பகுதி பில்லை நிறுத்தலாமா?

குறையுள்ள பகுதிக்கு மட்டும் நிறுத்தலாம், நிறுத்தத்தான் வேண்டும். கான்கிரீட்டுக்கு வழி தெளிவாக இருக்கிறது. ஊற்றும்போதே 15 செ.மீ. கனசதுர அச்சுகளில் மாதிரி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, 28-ஆம் நாள் உடைத்துப் பார்ப்பார்கள். எம்25 ரகம் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். 7-ஆம் நாளிலேயே உடைத்துப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். பில் இந்த 28 நாளுக்கு முன்பே வந்துவிடுவதும் உண்டு. அப்போது கொடுத்த பணத்தை, முடிவு மோசமாக வந்தால் அடுத்த பில்லில் கழிக்கலாம். ஓடும் கணக்கு என்பதன் பயன் இங்கேதான் தெரியும்.

ஒரு சின்ன விஷயம். மாதிரிக் கட்டிகளை ஒழுங்காகத் தண்ணீரில் போட்டுவிட்டு, உண்மையான சுவரை வெயிலில் காயவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டி தேறிவிடும், சுவர் தேறாது. உங்கள் வீட்டு வாசலில் புது கான்கிரீட் இருந்தால், சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று ஒரு வாரமாவது கவனியுங்கள். இல்லையென்றால் போட்டோ எடுத்து ஜே.இ.க்கு அனுப்புங்கள்.

கான்ட்ராக்டருக்குப் பணம் வந்துவிட்டது, எங்களுக்குக் கூலி வரவில்லை. மாநகராட்சியைக் கேட்கலாமா?

கேட்கலாம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலையைக் கொடுத்த நிறுவனமே தந்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தே இருக்கும் கொள்கை. வேலை செய்த நாள்களைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். அடுத்த பில் பாஸ் ஆவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் மாநகராட்சி கையில் பிடிக்கப் பணம் இருக்கும், பைனல் பில் போன பிறகு கொடுத்தால் அலைய வேண்டிவரும்.

கான்ட்ராக்டர் பாதியில் ஓடிவிட்டால்?

அதுவரை நடந்த வேலையை, முடிந்தால் அவரையும் வைத்துக்கொண்டு, அளந்து கணக்கை முடிப்பார்கள். மீதிக்கு மறு டெண்டர். கூடுதலாகும் செலவை அவருடைய பிணைத் தொகையிலும் நிறுத்திவைத்த தொகையிலும் எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வழி இருக்கும். மிகக் குறைந்த விலைக்கு, "லெஸ் போட்டு" எடுத்த வேலைகளில்தான் இது அதிகம் நடக்கிறது. அவர் செய்த அளவுக்கு மேல் அதுவரை பணம் போகவில்லை என்றால், நகரத்துக்கு நஷ்டம் குறைவு. ஒழுங்காக எழுதிய எம்.புக் அப்போதுதான் கைகொடுக்கும்.

இந்த எம்.புக்கை, பில்லை நாங்கள் பார்க்க முடியுமா?

தாராளமாக. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே), ஆவண நகல் கேட்பதோடு நிற்கவில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாது.

பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "எங்கள் தெரு வடிகால் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்" என்று எழுதாதீர்கள், பதில் வராது. பணி ஆணை, எஸ்டிமேட், எம்.புக்கில் அந்த வேலைக்கான பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, இதுவரை பாஸ் ஆன பில்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலர் இருக்கிறார். உங்கள் வார்டில் பகுதி சபை கூடினால் அங்கேயும் கேட்கலாம்.

நகல் வந்ததும் ஒரு டேப் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரோடு தெருவில் இறங்குங்கள். எம்.புக்கில் 42.50 மீட்டர் என்று இருக்கும் இடத்தில் நீங்கள் அளந்தால் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். அரை மணி நேர வேலைதான். எங்கள் தெருவில் நாங்கள் அளந்தோம், சரியாக இருந்தது. ஜே.இ.யைப் பார்த்து அதையும் சொல்லிவிட்டு வந்தோம்.

பைனல் பில் வாங்கிவிட்டால் கான்ட்ராக்டர் பொறுப்பு முடிந்துவிடுமா?

முடியாது. குறைபாட்டுக்குப் பொறுப்பேற்கும் காலம் என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தக் காலத்துக்குள் சாலை பெயர்ந்தாலோ மூடி உடைந்தாலோ தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். நிறுத்திவைத்த தொகை விடுபடும் தேதியும் அதையொட்டியே இருக்கும். அதனால் பணி ஆணை நகலில் அந்தத் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வரும் மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த மூடி ஆடுகிறது என்று போட்டோவோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணம் மாநகராட்சி கையில் இருக்கும்வரை அந்த மூடியை மாற்ற ஆள் வரும்.